நம்ம கணக்கு ஒரே டிஸ்க்கில் இருந்தால் போதுமா?



இந்த மாதப் பாடம் கணினியைப் பற்றியது. "கம்ப்யூட்டரை எல்லாம் ஆபீஸ்ல கணக்காளர் பாத்துக்குவாங்க, நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அந்தக் கணினிக்குள் இருப்பது நம்ம பணத்தோட கணக்கு. யார் எவ்வளவு சேமித்தார், யாருக்கு எவ்வளவு கடன், எத்தனை தவணை கட்டியாச்சு, வங்கிக்கு இன்னும் எவ்வளவு பாக்கி, எல்லாம் அதில்தான் இருக்கிறது. பணப்பெட்டி எங்கே இருக்கு, சாவி யார்கிட்ட இருக்கு என்று கூட்டத்தில் கேட்கிறோம். அதே மாதிரி கணக்கு எங்கே இருக்கு, அதற்கு நகல் எங்கே இருக்கு என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. கணினி இயக்கத் தெரியவேண்டும் என்று அவசியமில்லை. என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்தால் போதும்.

பல கூட்டமைப்பு அலுவலகங்களில் கணினி வாங்கி எட்டு வருடம், பத்து வருடம் ஆகிவிட்டது. இப்போது அது மெதுவாக ஓடுகிறது. டிஸ்க்கை மாற்றலாமா என்று கேட்கிறார்கள். மாற்றலாம். ஆனால் மாற்றுவதற்கு முன் நகல் எடுக்கவேண்டும். அந்த நகலைத் திறந்து பார்க்கவும் வேண்டும். இதுதான் இந்தப் பாடத்தின் சாரம். எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

கணக்கு கணினியில் எங்கே இருக்கிறது?

டிவி மாதிரி இருக்கிற திரையில் கணக்கு இல்லை. பக்கத்தில் நிற்கும் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள்ளே ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் அளவில், கனமான உலோகப் பெட்டி ஒன்று இருக்கும். அதுதான் ஹார்ட் டிஸ்க். நாம் டைப் செய்து சேமிக்கும் ஒவ்வொரு எழுத்தும், ஒவ்வொரு போட்டோவும் அதில்தான் பதிகிறது.

ஹார்ட் டிஸ்க்குக்குள் வட்டத் தகடுகள் சுற்றுகின்றன. நிமிடத்துக்கு 5400 சுற்று அல்லது 7200 சுற்று என்பது வழக்கமான வேகம். தகட்டின் மேல், அதைத் தொடாமல், முடியின் தடிமனை விடப் பலமடங்கு குறைந்த இடைவெளியில் ஒரு சின்ன முனை அங்கும் இங்கும் நகர்ந்து படிக்கிறது, எழுதுகிறது. ஓடும்போது பெட்டியைத் தட்டினாலோ, இழுத்தாலோ அந்த முனை தகட்டில் இடிக்கலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் பதிவு பாதியில் நின்று கெட்டுப்போகலாம். நம்ம வீட்டு மிக்ஸி, கிரைண்டர் போல இதுவும் சுற்றுகிற இயந்திரம்தான். சுற்றுகிற எதுவும் ஒரு நாள் தேயும். என்றைக்கு என்று யாராலும் தேதி சொல்ல முடியாது.

ஒரு சின்ன வரலாறு. உலகத்தில் முதல் ஹார்ட் டிஸ்க்கை அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனம் 1956-ல் வெளியிட்டது. 24 அங்குல அகலத் தகடுகள் 50 அதில் இருந்தன. இரண்டு பீரோவைச் சேர்த்து வைத்த மாதிரி பெரிய உருவம், ஏறக்குறைய ஒரு டன் எடை. அவ்வளவு பெரிய இயந்திரத்தில் பிடித்தது சுமார் 5 எம்பிதான். இன்று நம்ம போனில் எடுக்கிற ஒன்றிரண்டு போட்டோவே அவ்வளவு இருக்கும்.

சி டிரைவ், டி டிரைவ் என்றால்?

இதைக் கவனமாகப் படியுங்கள். நிறைய பேர் இங்கேதான் ஏமாறுகிறோம்.

கணினியைத் திறந்தால் சி, டி, சில சமயம் ஈ என்று தனித்தனி டிரைவ் தெரியும். அதனால் உள்ளே இரண்டு மூன்று டிஸ்க் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான அலுவலகக் கணினியில் உள்ளே இருப்பது ஒரே டிஸ்க். கடைக்காரர் அதையே இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருப்பார். ஒரே பீரோவில் மேல் தட்டு, கீழ் தட்டு மாதிரி. "சி-ல இருக்கறதை டி-லயும் ஒரு காப்பி போட்டு வச்சிருக்கோம் மேடம்" என்று சொல்வார்கள். மேல் தட்டில் இருந்த பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கீழ் தட்டில் வைத்த கதைதான் அது. பீரோவே எரிந்துபோனால் என்ன மிஞ்சும்?

இன்னொன்று. திரையில் முதலில் தெரிகிற டெஸ்க்டாப், மை டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் இதெல்லாம் பெரும்பாலும் சி டிரைவைச் சேர்ந்தவை. கணினி கெட்டால் கடையில் வழக்கமாக சி-யைத்தான் ஃபார்மட் செய்வார்கள். அதாவது துடைத்து எடுத்துவிட்டு விண்டோஸை மறுபடி போடுவார்கள். கைக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று டெஸ்க்டாப்பில் வைத்த கணக்கு அதோடு போய்விடும்.

ஒரு கூட்டமைப்பில் நடந்தது

பெயர் வேண்டாம். கூட்டமைப்புக் கணினி திறக்கவே பத்து நிமிடம் ஆனது. கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர், "ஃபார்மட் பண்ணணும், உள்ள ஏதாவது முக்கியமா இருக்கா?" என்று கேட்டார். கொண்டுபோன தம்பி, "எல்லாம் டி-ல இருக்குண்ணே" என்றார். அவருக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். மாலையில் கணினி வேகமாக ஓடியது. எல்லாருக்கும் சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்துக் கடன் பதிவேட்டைத் தேடினார்கள். டி-யில் இருந்தது ஏழு மாதத்துக்கு முந்தியது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் டெஸ்க்டாப்பில் இருந்தது. சி-யோடு போய்விட்டது.

அப்புறம் என்ன செய்வது? ஒவ்வொரு குழுவாகப் போய் உறுப்பினர்களின் பாஸ் புத்தகத்தை வாங்கினார்கள். ரசீது அடிக்கட்டைகளை எடுத்தார்கள். வங்கியில் ஸ்டேட்மெண்ட் வாங்கினார்கள். ஐந்து பெண்கள் மூன்று வாரம் உட்கார்ந்து மறுபடி எழுதினார்கள். அந்த மூன்று வாரமும் அவர்களுக்குக் கூலி வேலை போச்சு. பெரும்பாலான கணக்கு சரியாக வந்தது. ஆனால் ஒரு அக்கா, 1,500 ரூபாய் தவணை கட்டியதாகச் சொன்னார். அவர் பாஸ் புத்தகத்தில் அந்த மாதம் எழுதவில்லை. ரசீதும் இல்லை. "கட்டினேன்" என்று அவர், "வரலையே" என்று ஊக்குநர். இரண்டு பேரும் ஒரே தெரு. பேச்சு நின்றுவிட்டது. கடைசியில் குழுவின் தீர்மான நோட்டில், அன்றைய கூட்ட வரவில், அந்த 1,500 எழுதியிருந்தது தெரிந்தது. அந்த ஒரு வரி இல்லை என்றால், கட்டிய பணத்துக்குப் பொய் சொன்னவர் என்ற பெயரை அந்த அக்கா சுமந்திருப்பார்.

டிஸ்க் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், கடையில் கிடைக்கும். கணக்கு போனால் ஒருவர் மேல் ஒருவருக்கு இருக்கிற நம்பிக்கையும் சேர்ந்து போகிறது. பாஸ் புத்தகத்தையும் தீர்மான நோட்டையும் கணினி வந்த பிறகும் விடக்கூடாது என்று சொல்வதும் இதற்காகத்தான். பேப்பரும் ஒரு நகல்தான்.

டிஸ்க் போகப்போகிறது என்பதற்கு அடையாளம்

1. பெட்டிக்குள் இருந்து டக், டக் என்றோ, கீச்சென்றோ புதுச் சத்தம் வரும்.
2. ஒரு ஃபைலைத் திறக்க ரொம்ப நேரம் எடுக்கும். நடுவில் திரை அப்படியே நின்றுவிடும்.
3. நேற்றுத் திறந்த ஃபைல் இன்று திறக்காது. பெயர் கோணல்மாணலாகத் தெரியும்.
4. கணினியைப் போட்டதும் டிஸ்க்கைப் பற்றிக் கருப்புத் திரையில் எச்சரிக்கை வரும்.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் இலவச மென்பொருள் உண்டு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்பது அதில் ஒன்று. நல்லது, எச்சரிக்கை, மோசம் என்று வண்ணத்தில் காட்டும். எச்சரிக்கை வந்தால் அன்றே நகல் எடுங்கள்.

டக், டக் சத்தம் வந்தால் மட்டும் வேறு மாதிரி நடக்கவேண்டும். நகல் ஏற்கெனவே இருந்தால் கவலையில்லை. நகல் இல்லை, உள்ளே இருப்பது கட்டாயம் வேண்டும் என்றால், கணினியை நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் முனை தகட்டைக் கீறி, மீட்கக்கூடியதும் போய்விடும். டேட்டா மீட்டெடுக்கும் நிபுணரிடம்தான் போகவேண்டும். அதற்குச் செலவு அதிகம், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

எந்த அடையாளமும் காட்டாமல் திடீரென்று போகிற டிஸ்க்கும் உண்டு. ஆகவே அடையாளம் வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

எஸ்.எஸ்.டி. என்றால் என்ன?

இப்போது கடைக்குப் போனால் "எஸ்.எஸ்.டி. போடுங்கம்மா, வேகமா ஓடும்" என்பார்கள். அது உண்மைதான். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற தகடு இல்லை. பென்டிரைவில் இருப்பது போன்ற சில்லுகளில் பதிகிறது. அதனால் பழைய ஹார்ட் டிஸ்க்கை விடப் பலமடங்கு வேகம். சத்தம் இல்லை, சூடு குறைவு, சின்ன அதிர்ச்சியைத் தாங்கும். திறக்கப் பத்து நிமிடம் எடுத்த கணினி ஒரு நிமிடத்துக்குள் திறக்கலாம். புதுக் கணினி வாங்கும் செலவு மிச்சமாகும்.

ஆனால் இரண்டு விஷயம் கவனிக்கணும்.

ஒன்று, எஸ்.எஸ்.டி.யும் கெடும். கெடும்போது சத்தம் போட்டு எச்சரிக்காது. நேற்று ஓடியது இன்று ஓடாது. அதில் அழித்த ஃபைலை மீட்பதும் ஹார்ட் டிஸ்க்கை விடக் கஷ்டம். ஆகவே எஸ்.எஸ்.டி. போட்டாச்சு, இனி நகல் வேண்டாம் என்று நினைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

இரண்டு, கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைத்தால் எஸ்.எஸ்.டி.யிலும் பென்டிரைவிலும் இருப்பது மெல்ல மங்கிப்போகலாம். எடுத்து வைத்துப் பாதுகாக்கிற நகலுக்கு வெளியில் மாட்டும் ஹார்ட் டிஸ்க் நல்லது. தினமும் ஓட எஸ்.எஸ்.டி., எடுத்து வைக்க ஹார்ட் டிஸ்க் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரியது வாங்கணும்? கணக்கு ஃபைல்கள் ரொம்பச் சின்னவை. இடத்தை அடைப்பது போட்டோவும் வீடியோவும்தான். சி, டி இரண்டிலும் சேர்த்து எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். அதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் போதும். கணக்கும் கடிதங்களும் மட்டும் என்றால் 256 ஜிபி தாராளம். பயிற்சிப் போட்டோ நிறைய இருந்தால் 512 ஜிபி. "500 ஜிபின்னு வாங்கினோம், 465-தான் காட்டுது, ஏமாத்திட்டாங்க" என்று சண்டைக்குப் போகவேண்டாம். தயாரிப்பாளர் 1000-த்தை வைத்துக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஐ வைத்துக் கணக்கிடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்.

1. நம்ம கணினியில் சாட்டா இணைப்பு இருக்கா? இருந்தால் இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி. பொருந்தும். குச்சி மாதிரி மெலிதாக இருக்கும் என்விஎம்இ வகைக்குப் போர்டில் தனி இடம் வேண்டும். பழைய கணினிகளில் பெரும்பாலும் அது இருக்காது.
2. இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஏறுமா? விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ரொம்பப் பழைய கணினியில் 11 ஏறாது. அதற்குச் செலவு செய்யலாமா என்று யோசித்து முடிவெடுங்கள்.
3. வாரண்டி எத்தனை வருடம்? பில் உண்டா? வாரண்டி டிஸ்க்குக்கு மட்டும்தான். உள்ளே இருக்கிற கணக்குக்கு யாரும் வாரண்டி தரமாட்டார்கள்.

மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கி, கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போட்டு வாங்குங்கள்.

மாற்றுவதற்கு முன் செய்யவேண்டியது

டிஸ்க் மாற்றுவது அரை மணி நேர வேலை. அதற்கு முன் செய்யும் ஏற்பாடுதான் முக்கியம்.

முதலில் ஒரு பேப்பரில் பட்டியல் எழுதுங்கள். கணினியில் என்னென்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது?

டேலி கணக்கு. டேலியில் பேக்கப் எடுக்க அதற்குள்ளேயே வழி இருக்கிறது. எடுக்கும்போது அது எந்த டிரைவில் போய் உட்காருகிறது என்று பாருங்கள். அதே டிஸ்க்கில் உட்கார்ந்தால் பயனில்லை. வெளி டிஸ்க்கைக் காட்டுங்கள். விண்டோஸை மறுபடி போடுவதாக இருந்தால், அதற்கு முன் டேலி லைசென்ஸை அந்தக் கணினியிலிருந்து சரண்டர் செய்யவேண்டும். டேலி டீலரிடம் கேட்டால் செய்து தருவார்.

எக்செல், வேர்டு ஃபைல்கள். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், சி, டி எல்லாவற்றிலும் தேடுங்கள்.

தமிழ் எழுத்துரு. இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பழைய கடிதங்களும் தீர்மானங்களும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்போம். புது டிஸ்க்கில் அந்த எழுத்துரு இல்லையென்றால் கடிதம் முழுவதும் ஆங்கில எழுத்தாக, புரியாத கிறுக்கலாகத் தெரியும். கடிதம் அழியவில்லை, எழுத்துரு மட்டும்தான் இல்லை. அதையும் நகலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் செய்த ஆதார், பாஸ் புத்தகம், கடன் விண்ணப்பம், பயிற்சிப் போட்டோ.

பாஸ்வேர்டுகள். மின்னஞ்சல், வங்கி, அரசு இணையதளங்களின் பாஸ்வேர்டைக் கணினியே ஞாபகம் வைத்திருக்கும். புது டிஸ்க்குக்கு அது தெரியாது. எழுதி, மூடிய கவரில், தலைவியும் செயலாளரும் கையெழுத்துப் போட்டு, பீரோவில் வையுங்கள். ஸ்டிக்கரில் எழுதித் திரையில் ஒட்டாதீர்கள்.

பட்டியலில் உள்ளதை எல்லாம் வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுங்கள், வேறொரு இடத்தில் இரண்டாவது நகல் எடுங்கள். பிறகு அந்த டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டி, ஒவ்வொரு வகையிலும் இரண்டு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறக்கிறதா? போன மாத இருப்பு சரியாகக் காட்டுகிறதா? சரியென்றால் மட்டும் அடுத்த வேலை.

மாற்றும் நாளில்

முடிந்தால் மெக்கானிக்கை அலுவலகத்துக்கே வரச்சொல்லுங்கள். கடைக்குக் கொண்டுபோனால் ஒருவர் கூட இருங்கள்.

கணினியை நிறுத்தி, வயரைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றுவார்கள். டிஸ்க்கில் இரண்டு வயர் இருக்கும். ஒன்று தகவல் போக, மற்றது கரண்டுக்கு. அதே மாதிரி இரண்டு வயர் எஸ்.எஸ்.டி.க்கும் மாட்டப்படும். அதன் பிறகு இரண்டு வழி உண்டு.

முதல் வழி குளோன். பழைய டிஸ்க்கில் இருப்பதை அச்சு அசலாக, விண்டோஸ் உட்பட, புதியதில் ஏற்றுவது. எல்லாம் இருந்த மாதிரியே இருக்கும். பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால்தான் இது சரிப்படும். பழையதை விடப் புதியது சின்ன அளவாக இருந்தால் சில மென்பொருள் ஏற்காது. குளோன் செய்யும்போது எது பழையது, எது புதியது என்று மாற்றிக் கொடுத்துவிட்டால், காலியான டிஸ்க் கணக்கு இருக்கும் டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டு எல்லாம் போய்விடும். முன்பே நகல் எடுங்கள் என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

இரண்டாவது வழி, புதியதில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, நகலிலிருந்து ஃபைல்களை ஏற்றுவது. நேரம் கூடுதலாகும். ஆனால் பழைய குப்பையும் வைரஸும் வராது. ஆட்டம் கண்ட டிஸ்க்குக்கு இதுதான் நல்லது.

வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் பட்டியலை எடுங்கள். டேலி திறக்கிறதா, தமிழ்க் கடிதம் படிக்க வருகிறதா, பிரிண்டர் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள்.

பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டு வாங்கி, தேதி எழுதி, ஆறு மாதம் பத்திரமாக வையுங்கள். ஏதாவது விட்டுப்போனது தெரிந்தால் அதிலிருந்து எடுக்கலாம். அதன் பிறகும் பழைய இரும்புக்குப் போடக்கூடாது. நம்ம ஆதாரும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் இருக்கின்றன. சாதாரணமாக அழித்தாலோ ஃபார்மட் செய்தாலோ முழுதாக அழியாது. தெரிந்தவரை வைத்து முழுவதும் துடைக்கச் சொல்லுங்கள். அல்லது தகட்டில் துளை போட்டு உடைத்துவிடுங்கள்.

நகலுக்கு 3-2-1 கணக்கு

விதை நெல்லை யாரும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. நகலும் அப்படித்தான். உலகம் முழுவதும் சொல்லும் ஒரு எளிய விதி இருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் என்பவர் அதைப் பரப்பினார்.

3: கணக்கு மூன்று பிரதி இருக்கவேண்டும். கணினியில் ஒன்று, நகல் இரண்டு.
2: இரண்டு விதமான பொருளில் இருக்கவேண்டும். எல்லாம் பென்டிரைவாக இருக்கக்கூடாது.
1: ஒன்றாவது வேறு இடத்தில் இருக்கவேண்டும்.

வேறு இடம் எதற்கு? 2004 டிசம்பர் 26 சுனாமி, 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், இவற்றை நாம் மறக்கமுடியாது. கணினி நனைந்த அறையில், பக்கத்து மேஜை டிராயரில் இருந்த டிஸ்க்கும் நனைந்துதான் போயிருக்கும். ஒரு நகல் பக்கத்து ஊர் நிர்வாகியின் வீட்டிலோ, வங்கி லாக்கரிலோ, இணையத்திலோ இருக்கட்டும். உறுப்பினர்களின் ஆதாரும் அதில் இருப்பதால், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய டிஸ்க்காக இருக்கட்டும்.

நகல் எடுத்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். கணினியோடு மாட்டியே வைத்தால் இடி மின்னலில் இரண்டும் சேர்ந்து போகும். வைரஸ் வந்தாலும் அப்படியே. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் நூற்றைம்பது நாடுகள் வரை பரவி, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகளின் வேலையே தடைப்பட்டது. கழற்றி வைத்த டிஸ்க்கை எந்த வைரஸாலும் தொட முடியாது.

திறந்து பார்க்காத நகல் நகல் அல்ல

குழந்தைகள் பார்க்கும் டாய் ஸ்டோரி 2 என்ற படம் 1999-ல் வந்தது. அமெரிக்காவில் பிக்சார் நிறுவனம் எடுத்தது. 1998-ல் படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, யாரோ தவறுதலாக அழிக்கும் கட்டளை கொடுத்துவிட்டார்கள். பொம்மைகள், காட்சிகள் எல்லாம் கண்ணெதிரே மறைந்தன. நகல் இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால் அது ஒழுங்காகப் பதிவாகவே இல்லை. இத்தனை நாளும் பதிகிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள், யாரும் திறந்து பார்க்கவில்லை.

படத்தைக் காப்பாற்றியது ஒரு பெண். கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர். அவருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காகப் படத்தின் பிரதி ஒன்றை வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து, பத்திரமாக அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து படத்தின் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது.

அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே கைகொடுத்தது வேறு இடத்தில் இருந்த ஒரு நகல். நமக்கும் அதே பாடம்தான். மாதம் ஒருமுறை நகலை வேறு கணினியில் திறந்து பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டேலி நகலை வேறு கணினியில் ஏற்றி, இறுதி இருப்பை ரொக்கப் புத்தகத்தோடும் வங்கி பாஸ் புத்தகத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பயிற்சியில் உறுப்பினர்கள் கேட்டவை

கேள்வி: மேடம், இப்பதான் லோக்ஓஎஸ் செயலியில எல்லாம் ஏத்துறோமே, அப்புறம் எதுக்கு இது?
பதில்: அதில் ஏற்றியது அரசு சர்வரில் இருக்குங்க அக்கா. அது நல்லதுதான். ஆனால் கடிதம், ரசீது, விண்ணப்பம், பழைய வருடக் கணக்கு, தணிக்கை அறிக்கை எல்லாம் நம்ம கணினியிலதானே இருக்கு? அதுக்கு நாமதான் பொறுப்பு.

கேள்வி: கூகுள் டிரைவில் போட்டால் போதாதுங்களா?
பதில்: இலவசமாக 15 ஜிபி கிடைக்கும். கணக்குக்குப் போதும். ஆனால் கணினியோடு தானாக இணைத்து வைத்திருந்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். அதனால் அது மூன்றில் ஒன்றாக இருக்கட்டும். கணக்கு கூட்டமைப்பின் பெயரில் இருக்கவேண்டும், கணக்காளரின் சொந்த மின்னஞ்சலில் வேண்டாம். அவர் கல்யாணமாகி வேற ஊர் போயிட்டா என்ன செய்வீங்க?

கேள்வி: சந்தையில 2 டிபி பென்டிரைவ் ரொம்பக் குறைஞ்ச விலைக்கு விக்கிறாங்களே மேடம்?
பதில்: வாங்காதீங்க அக்கா. அளவு பெரிசாகக் காட்டும், உள்ளே இடம் இருக்காது. ஏற்றியது எல்லாம் காணாமல் போகும். பில் தரும் கடையில் வாங்குங்க.

கேள்வி: யு.பி.எஸ். அவசியமா?
பதில்: அவசியம். டைப் செய்து சேமிக்காதது கரண்ட் போனால் போய்விடும், டிஸ்க்கும் அடிவாங்கும். பேட்டரி நின்றுபோன யு.பி.எஸ். இருந்தும் பயனில்லை. மாதம் ஒருமுறை மெயின் கரண்டை நிறுத்திப் பாருங்க.

பேக்கப் பதிவேடு

ஒரு 80 பக்க நோட்டு போதும். ஆறு கட்டம் போடுங்கள். தேதி, யார் எடுத்தது, என்னென்ன எடுத்தது, நகல் எங்கே இருக்கிறது, எந்த ஃபைலைத் திறந்து பார்த்தது, கையெழுத்து. டேலியும் எக்செல்லும் வாரம் ஒருமுறை, எல்லாம் சேர்த்து மாதம் ஒருமுறை. எடுப்பவர் ஒருவர், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். வங்கியில் பணம் எடுக்க ஒருவர் கையெழுத்து மட்டும் போதாது இல்லீங்களா, அதே மாதிரி.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. நம்ம கூட்டமைப்புக் கணினி வாங்கி எத்தனை வருடம் ஆகிறது?
2. கடைசியாக நகல் எடுத்த தேதி என்ன? அதைத் திறந்து பார்த்தது யார்?
3. இன்றைக்கு ராத்திரி கணினி நின்றுபோனால், எந்தத் தேதி வரைக்கும் உள்ள கணக்கு நம்மிடம் இருக்கும்?
4. உங்கள் பாஸ் புத்தகத்தில் போன மாதத் தவணை எழுதியிருக்கிறதா? இப்போதே எடுத்துப் பாருங்கள்.

இந்த நான்கு கேள்விகளையும் உங்கள் பிரதிநிதி கூட்டமைப்புக் கூட்டத்தில் கேட்கட்டும். பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் "தெரியலை" என்று வந்தால், டிஸ்க் மாற்றும் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த வாரமே முதல் நகலை எடுத்துவிடுங்கள்.